முதுகுதட்டி

பொன்மலையில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது வெயில் இறங்கியிருந்தது. ரயில்வே குடியிருப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. ஷிப்ட் முடிந்து வந்தவர்களின் சைக்கிள்கள் வேலியோரம் சாய்ந்து நின்றன. எங்கோ குக்கர் விசில் அடித்தது. பயப்படும்படி அங்கே எதுவும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நடந்ததை வைத்து அந்த மாலைக்கு நானாக இருட்டுப் பூசிவிடக் கூடாது.

நானும் ஸ்டீபன்ராஜும் ஒரு பழைய சைக்கிள் வாங்க வந்திருந்தோம். பகலில் நான் துவாக்குடியில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் தகடு வளைக்கும் இயந்திரத்துக்கு உதவியாள். அவன் லாரிகளுக்கு வயரிங் பார்க்கிறவன். மாலையில் இருவரும் ஸ்ரீரங்கத்தில் பகுதிநேர டிப்ளமோ படிக்கிறோம். பாடங்கள் எல்லாவற்றிலும் தேறிவிட்டோம். ப்ராஜெக்ட் மட்டும் இரண்டு முறை தோற்றுவிட்டது. மூன்றாவது முறையும் தோற்றால் படித்தது அவ்வளவும் வீண்; மறுபடி சேர வயது வரம்பு விடாது. டிப்ளமோ இருந்தால் தொழிற்கூடத்தில் அந்த இயந்திரத்தை நான் இயக்கலாம். இல்லையென்றால் தலை நரைக்கும்வரை தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

முதல் முறை நாங்கள் செய்தது, மழை விழுந்தால் தானே விரியும் சைக்கிள் குடை. அது வெறும் காற்றுக்கே விரிந்து ஸ்டீபன்ராஜைச் சைக்கிளோடு சாக்கடையில் தள்ளியது. இரண்டாவது முறை, ஹாண்டில்பாரில் உட்கார்ந்து “வழி விடுங்க” என்று கத்தும் பிளாஸ்டிக் கிளி. மதிப்பிட வந்த லக்ஷ்மணன் சாரைப் பார்த்து அது கழுத்தைத் திருப்பியது. தலை கழன்று அவர் செருப்பின் மேல் விழுந்தது.

“அது வழி விட்டுடுத்தும்மா. நீங்கதான் விடமாட்டேங்கறேள்” என்றார் சார்.

இந்த முறை செய்வதற்கு ‘முதுகுதட்டி’ என்று பெயர் வைத்திருந்தோம். காது கேளாதவர்கள் ஓட்டும் சைக்கிளுக்கான கருவி. கேரியரில் ஒரு கை இருக்கும். பின்னால் வண்டி எந்தப் பக்கம் வருகிறதென்று சென்சார் கண்டுபிடித்துச் சொல்லும், கை அதற்கேற்ப ஓட்டுகிறவர் முதுகில் தட்டும். பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறை, உள்ளே பஞ்சு, விரல்களுக்குக் குடைக்கம்பி, முழங்கைக்கு ஒரு சின்ன மோட்டார். இதையெல்லாம் தாங்க அகலமான பழைய கேரியர் வேண்டியிருந்தது.

செல்லக்கிளி என்ற அக்கா சைக்கிளை வெளியே உருட்டிவந்தார். கறுப்பு, கனமான வண்டி. கேரியரில் ஒரு நீல ரெக்ஸின் மெத்தை கட்டியிருந்தது.

“அம்மா உக்கார்றதுக்குக் கட்டினது” என்றார்.

உள்ளே ஒரு பெரியவர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சைக்கிள் ஸ்டாண்டு கல்லில் மோதி பெரிய சத்தம் எழுந்தபோதும் அவர் திரும்பவில்லை.

ஸ்டீபன்ராஜ் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். இறங்கியதும் கையைப் பின்னால் வளைத்து முதுகைத் தடவினான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல. வேர்வை.”

கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில்தான் எங்கள் வேலை நடந்தது. மெத்தையின் முடிச்சு அவிழவில்லை. நான் அதைப் பிளேடால் அறுத்தெடுத்து, அந்த இடத்தில் கையைப் பொருத்தினேன்.

அடுத்த வாரம் முழுக்க எரிச்சல்தான் மிஞ்சியது. சென்சாருக்கு மாடும் வண்டி, பூக்கூடையும் வண்டி, கோயில் மதிலும் வண்டி. கை ஓயாமல் அடித்தது. அளவைக் குறைத்தால் பஸ் வந்தாலும் சும்மா கிடந்தது. ஒவ்வொரு மாலையும் ஒரு வயரை மாற்றுவேன், ஓட்டுவேன், என்ன ஆயிற்று என்று நோட்டில் எழுதுவேன். மறுநாள் வந்தால் பழைய குறையே திரும்பியிருக்கும். நான் செய்கிற இணைப்பில்தான் தப்பு என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

“ஒண்ணு, போட்டு அடிக்குது. இல்லன்னா தூங்குது” என்றான் ஸ்டீபன்ராஜ். “அப்படியே எங்க மாமா.”

“சிரிப்பு வரலடா.”

“உனக்கு எப்ப வந்திருக்கு?”

அன்று கோபத்தில் பேட்டரியைக் கழற்றி என் பைக்குள் போட்டேன். என் சைக்கிள் பஞ்சராகிக் கிடந்ததால், அந்தக் கறுப்பு வண்டியையே எடுத்துக்கொண்டு உறையூருக்குக் கிளம்பினேன்.

காவிரிப் பாலத்தில் விளக்குகள் அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தன. ஆற்றில் தண்ணீர் குறைவு. நாணல் வாசனை வந்தது. நடுப்பாலம் தாண்டியதும் அந்த வாசனைக்குள் இன்னொன்று புகுந்தது. நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சும் வாசனை. கீழே யாரோ சமைக்கிறார்கள் என்று நினைத்தேன். பாலத்துக்குக் கீழே மணல் மட்டும்தான் இருந்தது.

பாலம் இறங்கும் இடத்தில் உறையூருக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். நான் வேகத்தைக் குறைத்தேன்.

முதுகில் ஒரு தட்டு.

கம்பி தளர்ந்து கை சாய்ந்திருக்கிறது. அப்படித்தான் நினைத்தேன். வலப்பக்கம் திரும்பினேன். மறுபடியும் ஒரு தட்டு. கொஞ்சம் அழுத்தமாக. அடுத்த திருப்பத்தில் இன்னும் அழுத்தமாக. தப்பான வழியில் போகிற ஆளைக் கண்டிப்பது போல.

சாலையோரம் நிறுத்தி இறங்கினேன். கம்பி இறுக்கமாகவே இருந்தது. மோட்டார் பற்கள் பிடித்தபடியே இருந்தன. பேட்டரி என் பைக்குள் இருந்தது.

கையுறையைத் தொட்டேன்.

சூடாக இருந்தது.

வெயிலில் நின்ற வண்டி, ரப்பர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்று அன்றிரவு நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு அதை அடித்தேன். வண்டி நின்றது கொட்டகைக்குள்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஸ்டீபன்ராஜிடம் சொன்னேன். அவன் பேட்டரியை மேசை மேல், எங்கள் கண் எதிரிலேயே வைத்தான். “ஏறி உக்காரு. நான் முன்னாடி நின்னு பாக்குறேன். உன் மண்டையில ஓடுற சென்சாரையும் சேர்த்துத்தான் சரி பண்ணணும்.”

ஸ்டாண்டில் நின்ற சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். கொட்டகையின் தகரம் சூடு ஆறி டிக் டிக் என்று ஒலித்தது. கோயில் பக்கமிருந்து நாகஸ்வரம் லேசாகக் கேட்டு நின்றது.

பூண்டு எண்ணெய் வாசனை வந்தது.

ஸ்டீபன்ராஜின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“சுபா, இறங்கு.”

“ஏன்?”

“இறங்குன்னு சொல்றேன்ல!”

அதற்குள் என் முதுகில் ஒரு உள்ளங்கை படிந்தது. தட்டவில்லை. படிந்தது. பிறகு சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாக விரிந்தது.

விரல்களை விரிக்க நாங்கள் மோட்டாரே வைக்கவில்லை.

அடுத்த நாள் விடுப்புச் சொல்லிவிட்டு இருவரும் பொன்மலைக்குப் போனோம். சைக்கிளை ஓட்டவில்லை, ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டோம். செல்லக்கிளி அக்கா எங்களையும் கேரியரில் இருந்த மஞ்சள் கையையும் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

“தட்டுச்சா?” என்றார்.

நாங்கள் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

அவரே சொன்னார். அவருடைய அப்பா சண்முகசுந்தரத்துக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு காது போய்விட்டது. அம்மா தனபாக்கியம் தினமும் நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி அவர் காதில் விடுவார். கேட்காது என்று டாக்டர் சொன்ன பிறகும் விடுவார். வெளியே போனால் அம்மாதான் அப்பாவுக்குக் காது. கேரியரில் உட்கார்ந்து பின்னால் பார்த்துக்கொண்டே வருவார்.

“இடப்பக்கம்னா ஒரு தட்டு. வலப்பக்கம்னா ரெண்டு. ஏறி உக்காந்ததும் கையை விரிச்சு முதுகுல வைப்பாங்க. அப்பதான் அப்பா மிதிப்பாரு. அவர் ‘ஏறு’ன்னு சொன்னாத்தான் ஏறுவாங்க, ‘இறங்கு’ன்னு சொன்னாத்தான் இறங்குவாங்க. அவருக்குத் தெரியாம ஏறி இறங்கினா ஆபத்துல்ல? அதனால அப்படி ஒரு வழக்கம்.”

ஸ்ரீரங்கம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பும்போது, காவிரிப் பாலத்தில் ஒரு பள்ளத்தில் சைக்கிள் தூக்கிப்போட்டிருக்கிறது. அம்மா விழுந்துவிட்டார். பின்னால் லாரி.

“அப்பாவுக்குக் கேக்கல. ஓட்டிக்கிட்டே வந்துட்டாரு.”

“எதுவரைக்கும்க்கா?” என்றேன்.

“வீடு வரைக்கும். வாசல்ல நின்னு ‘இறங்கு’ன்னாரு. திரும்பிப் பாத்தா கேரியர் காலி.” அக்கா குரலைத் தாழ்த்தினார். “பின்னாடி ஆள் இல்லாதது இவ்வளவு தூரம் தெரியலையாப்பான்னு கேட்டோம். எல்லாத் திருப்பத்துலயும் தட்டினாளேங்கறாரு.”

ஸ்டீபன்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு பெரியவர் தினமும் சாயங்காலம் காலிக் கேரியரோடு பாலத்துக்குக் கிளம்பிவிடுவாராம். அந்தப் பயத்தில்தான் அக்கா வண்டியை விற்றிருக்கிறார்.

பேச்சுச் சத்தம் கேட்டு அல்ல, நிழலைப் பார்த்து வெளியே வந்தார் பெரியவர். சைக்கிளைக் கண்டதும் எதுவும் கேட்காமல் ஸ்டாண்டில் நின்ற வண்டியிலேயே ஏறி உட்கார்ந்தார். காது கேளாதவர்களுக்கு உள்ள உரத்த குரலில் சொன்னார்:

“ஏறு!”

மஞ்சள் கை எழுந்தது. விரல்கள் விரிந்து அவர் முதுகில் படிந்தன.

“எங்கடி போயிருந்த?” என்றார் அவர். கண் மூடியிருந்தது. “சொல்லாம எங்கடி போன?”

நான் அழுதேன். ஆனால் அழுதுகொண்டே, நாளை மறுநாள் ப்ராஜெக்ட் மதிப்பீடு என்றும் நினைத்தேன். வேறு சைக்கிள் தேடி, கேரியர் மாற்றி, கம்பி இழுத்து, ஒன்றுக்கும் நேரமில்லை. ஏதாவது ஒன்று ஒரே ஒரு தடவை ஒழுங்காக நடக்கக் கூடாதா என்று யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. என் முகத்தைப் படித்த ஸ்டீபன்ராஜ்தான் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னான். அக்கா அப்பாவுக்கு உதட்டசைவில் சொன்னார்.

“பரீட்சையா?” பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “எடுத்துட்டுப் போ பாப்பா. முடிச்சுட்டுக் கொண்டா. படிக்கிற புள்ளைங்கன்னா அவளுக்கு உசுரு.” பின்பக்கம் கையை நீட்டி அந்தக் கையுறையைத் தட்டிக்கொடுத்தார். “இறங்கு. பாப்பாவோட போயிட்டு வா.”

கை அவர் முதுகைவிட்டு விலகியது.

மதிப்பீட்டு நாள் மாலை, கல்லூரி மைதானத்தில் லக்ஷ்மணன் சார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். சார் சைகை காட்டும் பக்கமாக ஸ்டீபன்ராஜ் பின்னால் பைக்கில் வருவான். எந்தப் பக்கம் வருகிறான் என்று நான் திரும்பாமல் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

“ஆரம்பிக்கலாமா? இல்ல, தலை விழற வரைக்கும் காத்திருக்கணுமா?” என்றார் சார்.

நான் ஸ்விட்சைப் போட்டேன். சென்சார் போர்டில் விளக்கு எரியவில்லை. மறுபடி போட்டேன். எரியவில்லை. காலையில் சரிபார்த்தது. மத்தியானம் சரிபார்த்தது. என் கை பட்டால் எதுவும் விளங்காது என்று அந்த நிமிடத்தில் முழுசாக நம்பினேன்.

கேரியர் பக்கம் குனிந்து, ஏதோ திருகாணியை முடுக்குவது போல, அந்தக் கையுறையைப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்கு இது பாஸாகணும்” என்று முணுமுணுத்தேன். “என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க. ஏறுங்க.”

கையுறை என் விரல்களைத் திருப்பிப் பிடித்தது.

நான் ஓட்டினேன். பஞ்சுக்குள் எனக்கு என் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு தட்டு: இடக்கையைத் தூக்கினேன். இரண்டு தட்டு: வலக்கை. ஸ்டீபன்ராஜ் கிளம்புவதற்கு முன்பே தட்டு வந்தது. சார் சைகை காட்டுவதற்கு முன்பே வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

இறங்கியபோது சார் எழுந்து நின்றிருந்தார்.

“பேஷ்! எந்த சென்சார்ம்மா இது?”

கடைக்காரர் சொன்ன பெயரைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, “பாஸ்” என்றார். ஸ்டீபன்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் செய்த எதுவுமே வேலை செய்யவில்லை. செய்யாத ஒன்றுக்கு மதிப்பெண் கிடைத்திருந்தது. இத்தனை நாள் விரும்பிய சொல், காதில் விழுந்தபோது பல்லிடுக்கில் மண் நறநறத்தது போல இருந்தது.

மறுநாள் மாலையே சைக்கிளைக் கொண்டுபோனோம். பெரியவர் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, தெருவிலேயே காத்துக்கொண்டிருந்தார். செல்லக்கிளி அக்கா இரண்டு தம்ளரில் பாயசம் கொடுத்தார்.

நான் சைக்கிளை வாசலில் நிறுத்தி, அக்கா சொன்ன வழக்கப்படியே, “இறங்குங்க” என்றேன்.

பெரியவர் ஏறி உட்கார்ந்தார்.

“ஏறு!”

கையுறை தொங்கியது.

“ஏறு!”

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அவர் விடாமல் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் முதுகை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தார். நான் கையுறையைப் பிடித்துப் பார்த்தேன். ரப்பர், பஞ்சு, குடைக்கம்பி. ஜில்லென்று இருந்தது. ஸ்டீபன்ராஜ் பைத்தியம் பிடித்தவன் போல வயர்களைப் பிடுங்கினான், சேர்த்தான், மறுபடி பிடுங்கினான். பெரியவர் அப்படியே மிதித்துத் தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“வரல” என்றார்.

அவர் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு என்னைப் பார்த்தார். என்னையல்ல, என் தோளுக்கு மேலே, கொஞ்சம் பின்னால்.

“பாப்பா, நீ ஏறச் சொன்னியா அவளை?”

உதட்டை அசைத்தால் போதும், அவர் படித்துக்கொள்வார். என்னால் அசைக்க முடியவில்லை.

“என்கிட்ட வரச் சொல்லும்மா” என்றார். “உனக்குத்தான் பரீட்சை முடிஞ்சு போச்சே.”

சொன்னேன். அந்த வாசலில் நின்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். இறங்குங்க, போங்க, அவர்கிட்டப் போங்கம்மா என்று கெஞ்சினேன். அக்கா கடைசியில் அப்பாவைத் தோளில் அணைத்து உள்ளே கூட்டிப்போனார். கதவைச் சாத்தும்போது எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்டீபன்ராஜிடம் பைக் இருந்தது. என்னைக் கொண்டுபோய் விடுவதாக அவன் சொல்லவில்லை. என்னை ஏற்றிக்கொள்ள அவன் பயப்படுவது தெரிந்தது. நானும் கேட்கவில்லை.

சத்திரம் பஸ் நிலையம் போகிற டவுன் பஸ் கூட்டமில்லாமல் வந்தது. கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பின்னால் பஸ்ஸின் இரும்புத் தகடுதான். முதுகை இருக்கையோடு சேர்த்து, ஒரு காகிதம் கூட நுழையாதபடி அழுத்திக்கொண்டேன். கண்டக்டர் மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போனார்.

பூண்டு எண்ணெய் வாசனை வந்தது.

எனக்கும் இருக்கைக்கும் இடையில், இடமே இல்லாத இடத்தில், ஒரு உள்ளங்கை படிந்தது. ஒவ்வொரு விரலாக விரிந்தது.

“இறங்குங்க” என்றேன். குரல் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது.

கண்டக்டர் திரும்பி விசில் அடித்தார். பஸ் ஓரமாக நின்றது.

“யாரும்மா இறங்கணும்?”

படிக்கட்டைப் பார்த்தேன். யாரும் இறங்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“சொல்லுங்க, இறங்கறீங்களா இல்லையா?”

“இல்லைங்க.”

“அப்புறம் எதுக்கு நிறுத்தச் சொன்னீங்க?” சலித்துக்கொண்டு மறுபடி விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. அடுத்து ஒரு முச்சந்தி. டிரைவர் இன்னும் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை.

என் முதுகில் மெதுவாக, பொறுமையாக, இரண்டு தட்டு.

பஸ் வலப்பக்கம் திரும்பியது.